ஒரு பெரிய லென்ஸ், ரெண்டு பேர்: அரையாண்டு லீவுக்கு எங்க போக, என்ன வாங்க?

பேட்டைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருநெல்வேலி பேட்டை. நான் கூட்டுறவு வங்கியில கிளார்க்கு, எங்க வீட்டுக்காரர் லேத் பட்டறை வச்சிருக்காக. ரெண்டு பேருக்கும் இந்தப் படம் எடுக்குற கிறுக்கு பிடிச்சது திருப்புடைமருதூர்ல. நாறும்பூநாதரைக் கும்பிடப் போனா, ஆத்தங்கரை மரம் பூரா நாரைக் கூடு. சாமியப் பாத்ததை விட அண்ணாந்து பாத்த நேரந்தான் அதிகம். ஊர்க்காரங்களே காப்பாத்திட்டு வந்த இடம். 2005ல அரசாங்கம் அதைப் பறவைக் காப்பகமா அறிவிச்சிருக்கு, இந்தியாவுல அந்த வகையில அதுதான் முதல்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். இப்பல்லாம் எந்த ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் பக்கத்துல குளம் எங்க இருக்குன்னுதான் விசாரிக்கோம்.

சீட்டு எடுத்து கேனான் கிராப் பாடி (சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்க கேமரா) ஒண்ணும், தூரத்தை இழுத்துக் காட்டுற 150-600 மி.மீ. லென்ஸ் ஒண்ணும் வாங்கினோம். அன்னைல இருந்து சண்டை.

லென்ஸ் மட்டும் ரெண்டு கிலோ வரும். கனம்னு அவுகதான் தூக்குவாக. ஆனா பறவையக் கண்டுபிடிக்கது நான். "ஏங்க, அந்த உடைமரத்துல, எடது கொப்புல, ரெண்டாவது கவட்டை"ன்னு நான் சொல்லி முடிக்க, அவுக அதைக் கேமராவுக்குள்ள தேட, அதுக்குள்ள அது நாங்குநேரி தாண்டிப் போயிரும். "ஏட்டி, சரியா அடையாளம் சொல்லத் தெரியாதா"ம்பாக. என் கையில இருந்திருந்தா அந்த நேரத்துக்கு எடுத்திருப்பேன். போன மாசம் நயினார்குளத்துல ஒரு கூழைக்கடா, மீனை அள்ளிப் பையத் தூக்கி வடிகட்டிட்டு இருக்கு. நான் கேமராவை வாங்குறதுக்கு வாரைக் கழுத்துல இருந்து எடுக்கணும்லா, அந்த வார் அவுக கண்ணாடியில மாட்டிக்கிச்சு. கூழைக்கடா முழுங்கிட்டு எங்களை ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க.

ராத்திரி படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கும்போது ரெண்டு பேருக்கும் சந்தோசந்தான். ஆனா "இது நான் எடுத்தது"ன்னு சொல்ல எனக்கு ரொம்பக் கொஞ்சந்தான் இருக்கு.

கேள்வி ரெண்டு. கையில இப்ப 60,000 ரூபா இருக்கு. இன்னொரு பாடியும் டெலி லென்ஸும் (தூரத்துக்கான லென்ஸ்) பழசா வாங்கலாமா, இல்ல வேற ஏதாவது வழி உண்டா? அரையாண்டு லீவுக்கு மக தென்காசியில ஆச்சி வீட்டுக்குப் போயிருவா. நாங்க ரெண்டு பேரும் எங்க பழைய ஆம்னியில கெளம்பலாம்னு இருக்கோம். கூந்தன்குளம் கண்டிப்பா உண்டு. அதுக்கப்புறம் வால்பாறையா, கோடியக்கரையா?

பிக்சல்_பாண்டி

இதுல யோசிக்க என்ன இருக்கு? நிக்கான் பி900 இல்லன்னா பி950, பழசு பாருங்க. 83 மடங்கு ஜூம், 2000 மி.மீ.க்குச் சமம். எடை ஒரு கிலோ சுமார். லென்ஸ் மாத்துற வேலையே கிடையாது. நிலாவுல இருக்கிற குழியை எண்ணலாம்.

ஆனைமலையான்

வணக்கமுங்க அம்மிணி. நான் பொள்ளாச்சி. மின்வாரியத்துல இருந்து ரிட்டயர்டு ஆகி, நானும் வீட்டம்மாவும் இதே பொழப்பாத்தான் சுத்திட்டு இருக்கோம். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்குங்க.

பாண்டி தம்பி சொல்ற கேமரா நல்ல வெயில்ல, தூரத்துல சும்மா உக்காந்திருக்கிற பறவைக்கு அருமைங்க. பறக்கிறதைப் பிடிக்கத் திணறும். காட்டுக்குள்ள போனா இன்னும் மோசம், அதோட சென்சார் சின்னது, வெளிச்சம் பத்தாது. நீங்க ஏற்கெனவே கிராப் பாடி வச்சிருக்கீங்க. சென்சார் சின்னதா இருக்கிறதால உங்க 600 அதுல 960 மாதிரி இழுத்துக் காட்டும். அதுக்கு மேல எட்டிப் பாக்க என்ன இருக்குதுங்க?

ரெண்டாவது டெலியும் வேண்டாம்னுதான் நான் சொல்வேன். ஒரே மரத்தடியில நின்னு, ஒரே நாரையை, ஒரே மாதிரி ரெண்டு பேர் எடுத்து என்னங்க பிரயோசனம்? வீட்டுக்கு வந்தா ஒரே படம் ரெண்டு கார்டுல இருக்கும். அப்புறம் எது கூர்மை, எது மொக்கைன்னு அதுக்கு ஒரு சண்டை. எங்க வீட்டுல அவங்க பூச்சி, நான் பறவை. நான் இருவாச்சிக்காக அண்ணாந்து கழுத்து வலிக்க நிப்பேன், அவங்க வேலியோரம் உக்காந்து தமிழ் மறவன் பட்டாம்பூச்சியை எடுத்துட்டிருப்பாங்க. அதாங்க 2019ல நம்ம மாநிலப் பட்டாம்பூச்சின்னு அறிவிச்சாங்களே, அது. சாயங்காலம் ஒருத்தர் படத்தை ஒருத்தர் பாக்கும்போது ரெண்டு பேருக்குமே புதுசா இருக்கும்.

வாங்கறதுன்னா கேனான்லயே பழைய பாடி ஒண்ணு, கூட 55-250 எஸ்.டி.எம். லென்ஸ். அது 400 கிராம் கூட வராதுங்க. ஒரு மீட்டருக்குள்ள கிட்டப் போயும் ஃபோகஸ் ஆகும், தும்பி, பட்டாம்பூச்சிக்குத் தாராளம். இன்னும் கிட்டப் போகணும்னா எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்கி நடுவுல மாட்டிக்குங்க. அதுக்குள்ள கண்ணாடியே கிடையாது, வெறும் குழாய்தான், அதனால விலையும் கம்மி. தானியங்கி ஃபோகஸுக்குத் தொடர்பு முனை வச்சதா பாத்து வாங்குங்க. மிச்சப் பணத்துல 8x42 பைனாகுலர் ஒண்ணு. நீங்க பறவை கண்டுபிடிக்கிறவங்கன்னு சொன்னீங்களே, அது கையில இருந்தா உங்க கண்ணுக்கு இன்னும் பலம்.

ஊர்னு கேட்டா, வால்பாறைக்கு வாங்க. எங்க ஊர்னு சொல்லலைங்க, காரணம் இருக்குது. கூந்தன்குளத்துல பெரிய லென்ஸ் இருக்கிறவங்க ராஜா. வால்பாறையில அப்படி இல்ல. புதுத்தோட்டம் பக்கம் சோலைமந்திக் கூட்டம் ரோட்டோரமே வந்துரும், 600ல எடுத்தா மூக்கு மட்டுந்தான் தெரியும். அதுவும் மரநிழல்ல கறுப்பு உடம்பு. உங்க பெரிய லென்ஸ் 600ல எஃப் 6.3, அதாவது வெளிச்சம் கம்மியாத்தான் உள்ள விடும். அது ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரோட உணர்திறனை) எங்கியோ கொண்டுபோய் விட்டுரும், படம் புள்ளி புள்ளியா வரும். சின்ன லென்ஸைக் கொஞ்சம் அகலமா வச்சா மந்தி, மரம், பின்னால தேயிலைன்னு எல்லாமே வரும். ஆழியாறுல இருந்து ஏறும்போது ஒன்பதாவது கொண்டையூசி வளைவு, லோம்ஸ் வியூம்பாங்க. அங்க வரையாடு சுவத்து மேலயே நின்னுட்டிருக்கும். வளைவு மொத்தம் நாப்பது. பாத்து ஓட்டுங்க.

கறுப்பு உடம்பைப் படம் எடுக்கும்போது கேமரா அதைச் சாம்பலாக்கப் பாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்துல விழற வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப் போல கொறைச்சு வைங்க. மந்திக்கு பிஸ்கட், பழம்னு எதையும் நீட்டாதீங்க. நீட்டி நீட்டித்தான் அதுங்க ரோட்டுக்கு வந்து வண்டியில அடிபடுதுங்க. அதுங்க ரோட்டுக்கு மேலயே கடந்து போறதுக்கு மரத்துக்கு மரம் கட்டியிருக்கிற பாலத்தையும் பாருங்க, அதுல போறதை எடுத்தா நல்ல படம். இருட்டுன அப்புறம் வண்டி எடுக்காதீங்க, ஆனை நடமாட்டம் இருக்குது. இ-பாஸ் வேணுமான்னு கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்குங்க.

வக்கா

ஆனைமலையான் ஐயா சொன்ன ஊர் விவரமெல்லாம் தங்கம். ஆனால் ஒரு இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மன்னிக்கணும்.

கேட்டது என்ன? "கண்டுபிடிப்பது நான், எடுப்பது அவர்." அதற்குப் பதில், அவர் கையில் பெரிய லென்ஸ் அப்படியே இருக்கட்டும், நீங்கள் பட்டாம்பூச்சி எடுங்கள், கூடவே பைனாகுலர் வைத்து அவருக்கு இன்னும் நன்றாக அடையாளம் சொல்லுங்கள். இதுவா தீர்வு? நான் மதுரை. பறவைப் படக்காரர்கள் கூடும் இடத்துக்கெல்லாம் போகிறேன். தம்பதியாக வருகிறவர்களில் பெரிய லென்ஸ் எப்போதும் ஆண் தோளில், மேக்ரோ (பூச்சியைக் கிட்டப் போய் எடுக்கும் லென்ஸ்) பெண் கையில். பெண்களுக்குப் பூச்சி மேல் தனிப் பாசம் ஒன்றும் கிடையாது. கனம் என்று சொல்லிச் சொல்லியே பிரித்துவிட்டார்கள். தண்ணீர்க் குடம் என்ன எடை வரும் என்று யாரும் கேட்டதில்லை.

பூச்சி பிடித்தால் தாராளமாக எடுங்கள், அக்கா. பிடிக்காவிட்டால் எடுக்காதீர்கள். நீங்கள் கூழைக்கடாவைத்தானே எடுக்க ஆசைப்பட்டீர்கள்.

என் யோசனை இது. ஐயா சொன்ன பாடி, 55-250 இரண்டையும் வாங்குங்கள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. பைனாகுலரும் வாங்குங்கள். ஆனால் பெரிய லென்ஸ் முறை வைத்து மாறட்டும். பறவைக்குப் பறவை மாற்றாதீர்கள், வார் கண்ணாடியில் மாட்டும் கதைதான். ஒரு காலை முழுக்க உங்களுக்கு, மறுநாள் காலை அவருக்கு. காலை ஒருவருக்கு, மாலை ஒருவருக்கு என்று பங்கு போட்டால் நியாயம் இல்லை, காலை வெளிச்சம் வேறு. 150-600 முறை யாருக்கு இல்லையோ அவர் பைனாகுலரோடு நின்று அடையாளம் சொல்லட்டும். அண்ணனுக்கும் தெரியட்டும், "இரண்டாவது கவட்டை" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று.

கனத்துக்கு வழி, உங்கள் ஆம்னி. அதைவிட நல்ல மறைவிடம் எங்கே கிடைக்கும்? பக்கக் கதவு முழுசாகத் திறக்கும், தரையும் தாழ்வு. பின் சீட்டை மடக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தால் நீர்மட்டத்துக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிடுவீர்கள். ஆள் நின்றால் பறக்கிற பறவை, வண்டி நின்றால் பெரும்பாலும் அசையாது. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, அரிசியை நிரப்பித் தைத்து, அதன் மேல் லென்ஸை வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு எடுங்கள், ஓடினால் அதிர்வு படத்தில் தெரியும். ஊருக்குத் திரும்பும் அன்று அரிசியைப் பொங்கிக்கொள்ளலாம்.

மூலைக்கரைப்பட்டி_ராசு

அக்கா, நான் கூந்தன்குளத்துக்குப் பக்கத்து ஆளு. அதைப் பத்தி மட்டும் சொல்லுதேன்.

மொதல்ல தண்ணி கெடக்கான்னு கேட்டுட்டு வாங்க. வடகிழக்குப் பருவமழை ஒழுங்காப் பெய்ஞ்சு, மணிமுத்தாறு தண்ணியும் வந்து குளம் பெருகினாத்தான் பறவை தங்கும். குளம் காஞ்ச வருசம் வந்தவங்க, தார்பாலைவனத்துக்கு வந்த மாதிரி படம் எடுத்துட்டுப் போயிருக்காங்க. டிசம்பர்க் கடைசியில வரித்தலை வாத்து வந்திருக்கும். மங்கோலியா, திபெத்துன்னு அங்கன இருந்து இமயமலையத் தாண்டி வருத சாதி. பகல்ல குளத்துல கூட்டமா ஒக்காந்திருக்கும், பொழுது சாய வயலுக்கு மேய எந்திரிக்கும். எந்திரிக்கிற நேரந்தான் படம். அதுக்கு நீங்க முன்னாடியே எடம் பாத்து ஒக்காந்திருக்கணும்.

மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கூடு வைக்கது பொங்கலை ஒட்டிச் சூடு பிடிக்கும். குளத்துக்குள்ள கருவேலத்துல மட்டுமில்ல, ஊருக்குள்ள வீட்டு மரத்துலயும் வைக்கும். வாசல்ல எச்சம் விழுந்து நாறினாலும் ஒருத்தரும் வெரட்ட மாட்டாங்க. தீவாளிக்கு வெடி கெடையாது. குளம் வத்துனதும் எச்சம் கலந்த வண்டலை அள்ளி வயலுக்குப் போடுவாங்க, அது தனிக் கணக்கு. 1994ல சரணாலயம்னு அறிவிச்சதுக்கு ரொம்ப முன்னாலயே இது நடக்குது.

அதனால வீட்டு முத்தத்துல நின்னு படம் எடுக்கணும்னா ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. தர மாட்டோம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கூட்டுக்குக் கீழ போய்க் கைதட்டி எழுப்பி விடுதவங்க உண்டு, பறக்குத படம் வேணும்னு. தாய் எந்திரிச்சுப் போனா வெயில்ல குஞ்சு வெந்துரும். அது றெக்கைய விரிச்சு நெழல் குடுத்துட்டு நிக்கது வீம்புக்கா? காக்காயும் பருந்தும் வேற முட்டைக்குக் காத்துக் கெடக்கும். ஃபிளாஷும் வேண்டாம். மொபைல்ல குருவிச் சத்தம் போட்டுக் கூப்பிடுத பழக்கமும் வேண்டாம்.

இன்னொண்ணு, காலையில வெள்ளென வாங்க. ஒம்பது மணிக்கு மேல தண்ணிப் பரப்புல கானல் கெளம்பிரும். நீங்க எத்தன லச்சத்துக்கு லென்ஸ் வச்சிருந்தாலும் தூரத்துப் பறவை தண்ணியில வரைஞ்ச மாதிரி கொழம்பித்தான் விழும். லென்ஸ் கெட்டுப் போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போனவங்க உண்டு.

சனவரியில தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், வருசா வருசம் நடக்குதுதான். குளம் குளமாக் கூட்டிட்டுப் போவாங்க. அண்ணனும் நீங்களும் பேரு குடுங்க.

பேட்டைக்காரி

ராசு தம்பி, "எந்திரிக்கிற நேரந்தான் படம்"னு சொன்னதை அவுக ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டாக. நம்ம ஊர்ப் பக்கமே இருந்துக்கிட்டு வாத்து எப்பக் கெளம்பும்னு தெரியாம இருந்திருக்கோம்.

வக்கா, உங்க பதிலை அவுக முன்னாலயே சத்தமா வாசிச்சேன். "தண்ணிக் குடம்" வந்த எடத்துல எந்திரிச்சுப் பட்டறைக்குப் போயிட்டாக. அரை மணி நேரங் கழிச்சு வந்து, "சரி, கூந்தன்குளத்துல மொத நாள் உனக்கு"ன்னாக. மொத நாள் மழை பெஞ்சா அது கணக்குல வராதுன்னு நானும் சொல்லிட்டேன்.

ஆனைமலையான் அண்ணாச்சி, நீங்க தப்பா நெனைக்காதீங்க. பூச்சியும் எனக்குப் பிடிக்கும். ஆனா கூழைக்கடாவை எடுத்துட்டுப் பூச்சிக்கு வாரேன். வால்பாறைன்னே முடிவு பண்ணியாச்சு. பாடியும் 55-250யும் தேடிட்டு இருக்கோம். பழசு வாங்கும்போது என்ன பாக்கணும்?

ஆனைமலையான்

தப்பா நெனைக்க என்னங்க இருக்குது. வக்கா சொன்னதை எங்க வீட்டம்மாவும் படிச்சாங்க. படிச்சுட்டு, "எனக்குப் பூச்சி பிடிக்குமான்னு நீங்க எப்பவாவது கேட்டீங்களா"ன்னு கேட்டாங்க. பிடிக்குமாம். ஆனாலும் கேக்கலையாம். அது இன்னும் ஓடிட்டு இருக்குது, அதை விடுங்க.

ஒரே படம் ரெண்டு பேர் எடுக்கிறதுல பிரயோசனம் இல்லைங்கிறதுல மட்டும் நான் மாறலீங்க. முறை வச்சு மாத்துங்க, ஆனா அந்த நேரத்துல மத்தவங்க வேற படம் பாருங்க. அவர் வாத்தோட முகத்தை எடுத்தா நீங்க மொத்தக் கூட்டம் வானத்துல கோடு போடறதை எடுங்க.

பழசு வாங்கும்போது லென்ஸை டார்ச் அடிச்சு எதிர்ப்பக்கம் இருந்து பாருங்க. சிலந்தி வலை மாதிரி உள்ள தெரிஞ்சா பூஞ்சை, வாங்காதீங்க. வால்பாறை ஈரத்துக்கு உங்க லென்ஸுக்குமே வரும். சாயங்காலம் ரூமுக்கு வந்ததும் பைக்குள்ளயே பூட்டி வைக்காம தொடைச்சு, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல வைங்க. பாடியில ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குதுன்னு கேளுங்க. சொல்ல மாட்டேன்னா வேற ஆள்கிட்ட போங்க.

ரெண்டு கேமரா ஆனதும் மறக்காம ஒண்ணு செய்யுங்க. ரெண்டுலயும் கடிகாரத்தை நொடி பிசகாம ஒண்ணா வைங்க. இல்லேன்னா கம்ப்யூட்டர்ல எல்லாப் படத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு நேரப்படி அடுக்கும்போது, வாத்து தரையில எறங்குன பெறகுதான் வானத்துல இருந்து எறங்கி வரும். ஃபைல் பேர்ல முன்னாடி அவரவர் எழுத்தைப் போட கேமராவுலயே வழி இருக்கான்னும் பாருங்க. எது யார் எடுத்ததுன்னு அப்ப பஞ்சாயத்து இல்ல.

பேட்டைக்காரி

இது நான் இல்ல, அவ வீட்டுக்காரன். அவ பேங்க்ல இருக்கா, அவ கணக்குலயே எழுதுதேன்.

அரிசிப் பையெல்லாம் நமக்கு ஒத்து வராது. ஆம்னி பக்கக் கதவு நிலையில கிளாம்ப் போட்டு, 25 மி.மீ. பைப்புல ஒரு கை நீட்டி, அதுல லென்ஸ் சுத்துத மாதிரி தொட்டில் ஒண்ணு கடையலாம்னு இருக்கேன். பேரிங் கையில இருக்கு. கதவு நிலையில ஓட்டை போட மாட்டேன், வெல்டும் கெடையாது. நம்ம காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணன் கூட அந்தக் காலத்துல கேமராவ அவரே ஒட்டுப்போட்டு யானைய எடுத்தாருன்னு கேள்விப்பட்டிருக்கேன், நாம ஒரு கொக்கிக்குப் பயப்படலாமா. கேள்வி என்னன்னா, லென்ஸ் காலுக்கு (ஸ்டாண்டுல மாட்டுத பாகம்) அடியில இருக்க மரை என்ன அளவு? கேஜ் வச்சுப் பாத்தா 1/4 இஞ்சு மாதிரி தெரியுது. பழைய பிரிட்டிஷ் மரை விட்வொர்த்தா, வேறயா?

வக்கா

அண்ணா, 1/4 இஞ்ச்தான், இஞ்சுக்கு 20 மரை. இப்போது வருவது யு.என்.சி. என்கிற அமெரிக்க மரை. ட்ரைபாட் தலை மாட்டுகிற பெரிய மரை 3/8, இஞ்சுக்கு 16. திருகாணியை நீளமாக விட்டுவிடாதீர்கள், உள்ளே போய் முட்டினால் கால் கெட்டுவிடும். தொட்டிலின் உயரத்தை அக்கா உட்கார்ந்து பார்த்துச் சொன்ன பிறகு வெட்டுங்கள். முதல் நாள் அவர்களுடையது.

ஆனைமலையான்

தம்பி, அதே அளவுல ரெண்டாக் கடைஞ்சு கொண்டாங்க. பொள்ளாச்சி வழியாத்தானே போறீங்க, இங்கயும் ரெண்டு பேர் இருக்கோம். கூலி எவ்வளவுன்னு சொல்லிருங்க.